மணக்கும் ராணியைச் செய்தவர்

போன வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தையில் என் கடையின் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் வாசலில் நின்று, "முதலாளி, கோல் எகக் ஆவா! கொட்டஹேன!" என்று சிங்களத்தில் கூப்பிட்டார், கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று. எங்கள் வரிசையில் தொலைபேசி அவரிடம் மட்டும்தான் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து என்னை அழைப்பவர் ஒரேயொருவர்தான். அவரும் போத்தல் தீர்ந்துவிட்டதா என்று கேட்கத்தான் அழைப்பார். "இன்னும் அரை அலுமாரி கிடக்குது அக்கா, அவசரப்படாதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே கருவியைக் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் கேட்டது அவருடைய கணவர் சவரிமுத்து அண்ணரின் குரல். "தம்பி, அக்கா போயிட்டா. விடியக்காலம் எழுப்பப் போனேன், எழும்பலை" என்றார். மருந்துக்கடைக்காரர்தான் என் கையிலிருந்து கருவியை வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

எமிலியா அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு அவர் கல்யாணக் கேக் செய்யும் அக்கா. வெள்ளவத்தைக்காரர்களுக்கு 'மணக்கும் ராணி' என்ற சென்டைச் செய்யும் அம்மா. இரண்டும் ஒரே ஆள் என்பது சிலருக்குச் செத்தவீட்டில்தான் தெரிந்தது. அங்கே இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்ததை நானே கண்டேன். கண்ணீர் வடித்து எழுதுகிற அஞ்சலிகள் எனக்கு ஒத்துவருவதில்லை. அக்கா தோற்றுப்போய்ச் சாகவில்லை. வென்றார், அந்த வெற்றியை ஆசைதீர அனுபவித்தார், பிறகுதான் போனார். அதைச் சொல்லாமல் வெறுமனே "அன்னாரின் ஆத்மா" என்று எழுதினால் அவரே எழுந்து வந்து என் காதைத் திருகுவார்.

அவருடைய முன்னோர் தூத்துக்குடியிலிருந்து வந்து கொழும்பில் தங்கியவர்கள். சவரிமுத்து அண்ணர் துறைமுகத்தில் எழுதுவினைஞர். சீஷெல்ஸ் தீவுப் பக்கமிருந்து வரும் கப்பல்காரர்கள் அவருக்கு வெனிலாக் காய் கொண்டுவந்து கொடுப்பார்கள். கறுத்து, சுருங்கி, எண்ணெய் மினுங்கும் அந்த நீட்டுக் காய்களை எல்லோரையும்போல அக்காவும் கேக்கில்தான் போட்டார். ஆனால் கத்தியால் காயைக் கீறும்போது எழும் மணம் கேக்கில் வருவதில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. சீனியும் முட்டையும் சேர்ந்து அதைச் சாதுவாக்கிவிடுகின்றன என்பார். "கேக்கு, அது வெனிலா பாக்குற வேலை தம்பி. வெனிலாவோட குணம் வேற" என்று முதல் சந்திப்பிலேயே எனக்குச் சொன்னார். அந்தக் குணத்தைத் தனியே பிடித்துப் போத்தலில் அடைப்பதுதான் அவர் தலையில் ஏற்றிக்கொண்ட காரியம்.

ஊறுகாய்ச் சாடிகளில் ஸ்பிரிட்டை ஊற்றி, கீறிய காய்களைப் போட்டு, கேக் வேகும் அடுப்பின் பின்புறத்து மேடையில் மாதக்கணக்கில் ஊறவைப்பார். அந்த இளஞ்சூடு படவேண்டும். பிறகு சாம்பிராணி, சந்தன எண்ணெய், கொஞ்சம் கிராம்பு. கடைசியாக, வேறு யாருக்கும் தோன்றாத ஒன்று: அண்ணர் பிடிக்கும் யாழ்ப்பாணச் சுருட்டைப் பிரித்தெடுத்த புகையிலை. அண்ணர் சுருட்டைக் காணவில்லை என்று வீடெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு திரியும்போது அது சாடிக்குள் கிடக்கும்.

கொட்டாஞ்சேனையில் அந்தச் சென்ட் எடுபடவில்லை. அக்கா அதைப் பூசிக்கொண்டு எங்கே போனாலும், "என்ன எமிலியா, அடுப்புல கேக்கு இருக்கா?" என்பதே வரவேற்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பின்வரிசையில் முழந்தாளிட்டிருந்த ஒரு மனிதர், மோப்பம் பிடித்து முன்னால் சாய்ந்து, மகளின் கல்யாணக் கேக்குக்கு அந்த இடத்திலேயே ஓடர் கொடுத்துவிட்டார். அண்ணர் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைத் தெரிந்த மூக்குகளுக்கு என்ன செய்தாலும் கேக்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

அதற்குள் அண்ணருக்கும் பொறுமை போய்விட்டது. குசினியில் கால் வைக்க இடமில்லை, எங்கும் சாடி. "நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் இதைத் தேடி வந்து, பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கணும். நம்ம சொந்தக்காரங்க வாங்கினா கணக்கில்ல. இல்லேன்னா சாடியெல்லாம் சாக்கடைக் கானுல கொட்டிட்டு, காயெல்லாம் கேக்குக்கு" என்றார். அக்கா சரி என்றார். சரி என்றுவிட்டு, தன் கேக்கை அறியாத மூக்குகளைத் தேடி நகரத்தின் மறுகோடிக்கு ரயில் கோச்சி ஏறினார். அப்படித்தான் சோப்பும் பவுடரும் ரிப்பனும் விற்கும் என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

அன்று கல்லாவில் என் மனைவி பாக்கியம் இருந்தாள். அக்கா போத்தலின் மூடியைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினார். பாக்கியம் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்து, "அய்யோ, மணக்குது!" என்றாள். அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மேசையைச் சுற்றி ஓடிவந்து பாக்கியத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "நீ ஒருத்திதாண்டி சொன்னே! கேக்குன்னு சொல்லாம மணக்குதுன்னு நீ ஒருத்திதான் சொன்னே!"

யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பேச்சில் மீன் மணக்கும், தோய்க்காத சட்டை மணக்கும். நல்லது எதுவும் மணக்காது. நல்லதென்றால் அது வாசம். தூத்துக்குடிக்காரர்களுக்கோ மல்லிகைதான் மணக்கும். பாக்கியம் சொன்னது ஒன்று, அக்கா கேட்டது நேர் எதிர். நான் வாயைத் திறக்கப்போனேன். பாக்கியம் என் கையைக் கிள்ளி, "விடுங்கோ, மனிசி எவ்வளவு சந்தோசமாய் நிக்கிறா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அக்கா போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் புதிதாக அச்சடித்த லேபல். பொன் நிறக் கரை, நடுவில் ஒரு மணிமுடி, அதன் கீழே பெரிய எழுத்தில் 'மணக்கும் ராணி'. "இவ வாயால வந்த பேரு" என்று பாக்கியத்தைக் காட்டிச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் வந்துபோகும் கடையில், கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், நாறுகிற ராணியை வைத்து விற்க வேண்டிய நிலைமைக்கு நான் வந்துவிட்டேன்.

ஒருவரும் வாங்கவில்லை. வந்தார்கள், லேபலை வாசித்தார்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் அன்னலட்சுமி ரீச்சரை அறியாதவர் இல்லை. பழந்தமிழில் நாற்றம் என்பது பூவுக்கே உரிய சொல் என்று வகுப்பில் படிப்பிக்கிறவர். அவர் ஒரு சனிக்கிழமை கூட்டாளிகளோடு வந்து லேபலை உரக்க வாசித்தார். "மணக்கும் ராணியோ! ராணிக்குக் குளிக்கத் தண்ணி கிடைக்கேல்லைப் போல கிடக்குது." கடை முழுவதும் சிரித்தது. மூடியைத் திறந்து ஒருமுறை மோந்துவிட்டு, "பொய் சொல்லேல்லை, உண்மையான பெயர்தான் வைச்சிருக்கினம்" என்றார். மறுபடியும் ஒரே சிரிப்பு.

மூலையில் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் போனபின், "எதுக்குத் தம்பி சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை. சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, பாக்கியத்தைப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கு நீ சொன்னது?"

பாக்கியத்துக்குப் பொய் வராது. "ஓம் அக்கா. கெட்ட மணமாய்த்தான் இருந்தது."

அக்காவின் முகம் சிவந்தது. போத்தல்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பாக்கியத்தின் கையை இழுத்து, மணிக்கட்டில் ராணியைத் தாராளமாகத் தேய்த்தார். "மூடியை மோந்து பாத்தா என்ன தெரியும்? பொண்ணு பாக்க வந்தவன் வாசப்படியைப் பாத்துட்டுப் போற மாதிரிதான். இப்போ ஒண்ணும் சொல்லாதே. பின்நேரம் வரைக்கும் கையைக் கழுவாம இரு" என்றார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கோச்சிக்குப் போனார்.

அன்றைக்குத்தான் நானும் அந்தச் சென்டின் குணத்தை அறிந்தேன். போத்தலின் வாயில் அது முரடு. ஸ்பிரிட்டின் காரமும், பாகுபோலக் கெட்டியான இனிப்பும், ஈரப் புகையிலையும் சேர்ந்து முகத்தில் அறையும். சோறு வடித்து இறக்கும் நேரத்துக்குள் காரம் ஓடிவிட்டது. சாம்பிராணி மெல்ல எழுந்தது, புகை மட்டும் இல்லை. இனிப்பு மறையவில்லை, அடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் காய்ந்த மரமும் சிறு கசப்பும் வந்தன. மத்தியான வெக்கையில் மற்றச் சென்டுகள் பறந்துவிடும். இது தோல் வேர்த்தபோதுதான் விழித்துக்கொண்டது. பின்நேரம் கடற்கரைக்கு நடந்தோம். உப்புக்காற்றில் பாக்கியம் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய், எடுக்காமலே நின்றாள். "இஞ்சாருங்கோ, என்ரை கை எனக்கே புதுசாய் இருக்குது" என்றாள். வெனிலா என்றால் சின்னப்பிள்ளைகளின் சாமான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இது வளர்ந்த மனுஷி ஒருத்தியின் மணம். எதிர்த்துக் கதைக்கத் தெரிந்தவள், கதைத்த பிறகும் அறையை விட்டுப் போகாதவள்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்ததும் பாக்கியம், "அக்கா, சரியான நல்ல வாசம்" என்றாள்.

"வாசம்னு சொல்லாதே. மணக்குதுன்னு சொல்லு. எங்காளுங்க அர்த்தத்துல சொல்லு."

"மணக்குது அக்கா" என்றாள் பாக்கியம். அந்தச் சொல்லை நல்ல அர்த்தத்தில் சொல்லிப் பழக்கமில்லாததால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் வியாபாரி. லேபலை மாற்றலாம், 'வாசனை ராணி' என்று புதிதாக அடிக்கலாம், என் செலவிலேயே அடிப்பிக்கிறேன் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வார்த்தைக்குப் பயந்து பேரை மாத்தச் சொல்றீங்க. நாளைக்குக் கேக்குன்னு சொல்றவங்களுக்குப் பயந்து வெனிலாவையே எடுக்கச் சொல்லுவீங்க. பேரு இருக்கட்டும் தம்பி. அவங்க வாய் மாறட்டும்." நத்தார் கிட்டி வந்துகொண்டிருந்தது. சாடிகள் கானுக்குப் போகப்போகின்றன, இந்த மனிசி வெள்ளவத்தையின் வாயை மாற்றப் போகிறாராம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கார்த்திகை மாதத்தில் ரீச்சரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டியது, உள்ளே சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஓமப்புகையும் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டியது. சீமையிலிருந்து வந்த லவெண்டர் தண்ணீரும் ஓடிக்கொலோனும் தாலி கட்டுமுன்பே செத்துவிட்டன. மாலைகள்கூட வாடிப்போயின. பாக்கியம் காலையில் கழுத்தடியிலும் மணிக்கட்டிலும் ராணியைப் பூசிக்கொண்டுதான் வந்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தி தொடங்குகிற நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஆரிட்டையிருந்து வருகுது இந்த வாசம்?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். கல்யாணப் பெண் கூறைச்சேலையோடு நகர்ந்து வந்து பாக்கியத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள். ரீச்சர் மூக்கை அங்குமிங்கும் திருப்பித் தேடி, கடைசியில் பாக்கியத்தின் தோளருகே குனிந்தார். "பிள்ளை, இது என்ன சென்ட்? பாரிஸோ?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் ரீச்சர். எங்கட கடையிலை இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி பாயசத்தைக் குடித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா வழக்கம்போல முக்காலியில் இருந்தார். ரீச்சர் தனியாக வந்தார். அலுமாரியைப் பார்த்தார், பவுடர் விலை கேட்டார், ரிப்பன் விலை கேட்டார். பிறகு நடுத்தட்டை விரலால் காட்டி, "அதிலை ஒண்டு தாரும்" என்றார்.

நான் கையை நீட்டினேன். அக்கா எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். "எதும்மா? பேரைச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

"அதுதான், அந்தப் பழுப்பு நிறப் போத்தல்."

"பழுப்புல நிறைய இருக்கு. பேரு?"

ரீச்சருக்கு இவர் யாரென்று அந்த நிமிடத்தில் விளங்கியிருக்க வேண்டும். கடைக்குள் இன்னும் சில பெண்கள் நின்றார்கள். அவர் நிமிர்ந்து, வகுப்பில் கேட்கும் அதே குரலில், ஒவ்வோர் எழுத்தாக, "மணக்கும் ராணி" என்றார். அதோடு விடவில்லை. "ரெண்டு தாரும். ஓம் அம்மா, மணக்குதுதான். நேற்று முழுக்க மணந்தது. நல்லாய் மணந்தது" என்றார். ரீச்சரை நான் அன்றிலிருந்து மதிக்கிறேன்.

அக்கா துள்ளிக் குதிக்கவில்லை. போத்தல்களைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். ரீச்சர் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சாட்சி. பேரைச் சொல்லிக் கேட்டாங்க. சொந்தக்காரங்களும் இல்ல" என்றார். உடனே தானே மருந்துக்கடைக்கு நடந்து போய், துறைமுகக் காரியாலயத்துக்கு அழைத்து, கருவிக்குள் கத்தினார்: "சவரி! சாடியில கை வச்சேன்னா பாரு!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த நத்தாருக்குக் கொட்டாஞ்சேனைக் கேக்குகளில் வெனிலா கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தைப் பெண்கள் வெட்கமில்லாமல் "மணக்கிறது ஒண்டு தாங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். கோட்டையில் பெரிய கடை ஒன்றின் துரை ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். நல்ல சரக்கு, ஆனால் நிறம் பழுப்பு, வெள்ளைச் சேலையில் கறை பிடிக்கும், வெளுப்பாக்கிக் கொடுத்தால் ஆங்கிலப் பெயர் போட்டு விற்கலாம் என்றார். கறை பிடிக்கும் என்பது உண்மைதான். சேலையில் வேண்டாம், தோலில் பூசுங்கள் என்று அக்காவே எல்லோருக்கும் சொல்வார். துரைக்கு அவர் கொடுத்த பதிலை மொழிபெயர்த்துச் சொல்லும் பேறு எனக்குக் கிடைத்தது: "வெள்ளையா வேணும்னா தண்ணியை அடைச்சு விக்கச் சொல்லுங்க தம்பி." உலகச் சண்டை தொடங்கிச் சீமைச் சென்டுகளின் கப்பல்கள் நின்றதும் அதே துரை கொட்டாஞ்சேனை வீட்டின் படியேறினார். பழுப்பு நிறத்திலேயே, தமிழ் லேபலோடேயே வாங்கிப் போனார். அக்கா அவருக்கு ஒரு துண்டு கேக்கும் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை பொரளையில் அடக்கம். பங்குச் சாமியார் தூபம் காட்டியபோது, அந்தச் சாம்பிராணிக்குள் இன்னும் எதையோ என் மூக்கு தேடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து அண்ணர் மண் போட்ட கையைத் துடைக்காமலே என்னிடம் வந்தார். "அடுப்பு மேடையில மூணு சாடி ஊறுது தம்பி. எப்போ வடிக்கணும்னு எனக்குத் தெரியும். நான் அனுப்புறேன். கேக்கு ஓடரெல்லாம் வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

பாக்கியமும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். திம்பிரிகஸ்யாயவில் சிங்களப் பெண் ஒருவர் ஏறி எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கந்தோரில் வேலை முடிந்து வருகிற களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அவர் உட்கார்ந்ததும் பஸ்ஸின் காற்றே மாறிவிட்டது. பாக்கியம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவருக்குப் பக்கத்திலிருந்த கிழவி ஆழமாக மூச்சை இழுத்து, "நோனா, மே மொன சென்ட் எகத? ஹரி சுவந்தய்" என்றார். என்ன சென்ட் இது, இவ்வளவு நல்ல வாசமாக இருக்கிறதே என்று கேட்கிறார்.

"மனக்கும் ரானி" என்றார் அந்தப் பெண், தன் நாக்குக்கு வந்தபடி. அதற்கு என்ன அர்த்தம் என்று கிழவி கேட்டார். "தன்னே நே" என்று சிரித்தார் அவர். தெரியாது, ஆனால் பெயர் நன்றாக இருக்கிறது என்றார்.

பாக்கியம் எழுந்துவிட்டாள். இதைச் செய்தவரை இப்போதுதான் புதைத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லத்தான் எழுந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொல்லாமலே உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தும் கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எமிலியா என்று ஒருவர் இருந்ததே தெரியாது. அவர் கேக் தெரியாது. மணக்குது என்றால் நல்லதா கெட்டதா என்றும் தெரியாது. அவருக்குச் சென்டை மட்டும்தான் தெரியும். அக்கா கேட்டதும் அது ஒன்றைத்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்தப் பஸ்ஸில் அவர் வைத்த பெயரைச் சொன்ன அந்தக் குரலைச் சொல்வேன். வெள்ளவத்தை வந்து நாங்கள் இறங்கினோம். அந்தப் பெண் ராணியோடு தெஹிவளைப் பக்கம் போனார்.